சேவ் ட்ரூ வருது ஆனா எஸ்எம்எஸ் பாதி பேருக்கு போகல, ரெயில்ஸ் 6.1 கால்பேக் தலைவலி

சாம்பார்வடை · செவ்வாய், இரவு 11:42

வணக்கம் மக்களே. ஒரு கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் ஆப் பாத்துட்டு இருக்கேன். நான் எழுதினது இல்ல, யாரோ ஒருத்தர் ரெயில்ஸ் (ரூபி மொழில வெப் ஆப் செய்யற ஃபிரேம்வொர்க்) 4.2ல எழுதி, வேற யாரோ 5.0, 5.2, 6.1னு இழுத்துட்டு வந்து விட்டுட்டு போயிட்டாங்க, இப்ப என் தலையில விழுந்திருக்கு.

பிரச்சனை இதான். புக்கிங் கன்ஃபார்ம் ஆனா பார்ட்டிக்கு எஸ்எம்எஸ் போகணும். சிலருக்கு போகுது சிலருக்கு போகல. எரர் ஒண்ணும் இல்ல, சைட்கிக்ல (பின்னணி வேலைகள கியூல போட்டு ஓட்டறது) ஃபெயில் ஆன ஜாப் ஒண்ணும் இல்ல, ஜாப் கியூவுக்கே வரல. கன்சோல்ல (ஆப்புக்கு நேரா கட்டளை போடற இடம்) நான் ஒரு புக்கிங் போட்டு ஸ்டேட்டஸ கன்ஃபார்ம்னு மாத்தினா ஒவ்வொரு தடவையும் டான்னு போகுது. மண்டபத்துல போட்டா போகல. மேனேஜர் தினம் ஃபோன் பண்ணி "தம்பி இன்னைக்கும் ரெண்டு பேர் கேட்டாங்க"ங்கறார். 3 நாளா தூக்கம் இல்ல.

மொபைல்ல இருந்து டைப் பண்றேன், கோட் பேஸ்ட் பண்ண முடியல, வாயாலயே சொல்றேன் பொறுத்துக்கோங்க.

---

நைட்ஷிஃப்ட்_நாகு · செவ்வாய், இரவு 11:58

ப்ரோ கண்ண மூடிட்டு சொல்றேன், எங்கயோ அப்டேட் காலம் (காலம்னா நேரம் இல்ல, டேபிளோட column) யூஸ் பண்ணிருப்பாங்க. அப்டேட் காலம், அப்டேட் காலம்ஸ், அப்டேட் ஆல் இது மூணும் வேலிடேஷனும் (டேட்டா சரியான்னு பாக்கற செக்) பாக்காது கால்பேக்கும் (சேவ் ஆகறப்ப தானா ஓடற கோட்) ஓட்டாது, நேரா எஸ்க்யூஎல். பேமெண்ட் வெப்ஹூக் (காசு வந்ததும் கேட்வே அனுப்பற சேதி) வர்ற கன்ட்ரோலர்ல தேடிப் பாருங்க, அங்கதான் "ஸ்பீடா இருக்கும்"னு யாராச்சும் போட்டு வச்சிருப்பாங்க. டெலீட்டும் அப்படித்தான், டெஸ்ட்ராய் தான் கால்பேக் ஓட்டும்.

அப்புறம் சேவ்னு இருக்கற இடத்துல எல்லாம் ஆச்சரியக்குறி சேத்து ஓட்டிப் பாருங்க. வேலிடேஷன்ல விழுந்தா ரெக்கார்ட் இன்வேலிட்னு கத்தும், கால்பேக் நிறுத்தியிருந்தா ரெக்கார்ட் நாட் சேவ்டுனு கத்தும். எது நிறுத்துதுன்னு பாதி தெரிஞ்சிரும். இல்லன்னா லாக்ல பிகின், அடுத்த வரியே ரோல்பேக்னு இருக்கான்னு பாருங்க.

---

சாம்பார்வடை · புதன், காலை 7:10

தேடிட்டேன் ப்ரோ. மொத்த கோட்லயும் ஒரே ஒரு அப்டேட் காலம்ஸ் இருக்கு, அதுவும் பேமெண்ட் கேட்வே குடுக்கற ரெஃபரன்ஸ் நம்பர மட்டும் போடுது, ஸ்டேட்டஸ தொடவே இல்ல. ஸ்டேட்டஸ் சாதா அப்டேட்ல தான் மாறுது. ஆச்சரியக்குறியும் போட்டுப் பாத்துட்டேன், கத்தவே இல்ல. சேவ் நல்லாவே ஆகுது. டேட்டாபேஸ்லயும் கன்ஃபார்ம்னு தான் இருக்கு. லாக்ல ரோல்பேக்கும் இல்ல.

---

பழையசோறு · புதன், காலை 8:25

லாக்ல ரோல்பேக் இல்லங்கறதை வச்சு ஒரு முடிவுக்கும் வராதீங்க. 6.0லேர்ந்து டிரான்சாக்ஷன் (பிகின்ல ஆரம்பிச்சு, கமிட்ல மொத்தமா உறுதியாகும், இல்ல ரோல்பேக்ல மொத்தமா ரத்தாகும்) சோம்பேறி ஆயிடுச்சு, உள்ள ஒரு குவெரியாச்சும் ஓடினாதான் பிகினே டேட்டாபேஸுக்கு போகும். முன்னெல்லாம் பிகின் ரோல்பேக் ரெண்டும் ஒட்டிக்கிட்டு நின்னாலே எவனோ கால்பேக்ல கழுத்த நெரிச்சுட்டான்னு தெரிஞ்சிரும், இப்ப அந்த அடையாளமும் போச்சு, லாக்ல ஒண்ணுமே இருக்காது. உங்க கேஸ்ல சேவ் ஆகுது, அதனால அது இல்ல. சும்மா சொல்லி வைக்கிறேன்.

மாடல்ல என்னென்ன கால்பேக் எந்த வரிசைல இருக்குன்னு சொல்லுங்க தம்பி. அதைப் பாக்காம இங்க எல்லாரும் ஜோசியம்தான் சொல்லணும்.

---

சாம்பார்வடை · புதன், காலை 9:02

சரிண்ணே. மேலேர்ந்து கீழ அப்படியே சொல்றேன்.

பேமெண்ட்ஸ்னு ஹேஸ் மெனி, டிபெண்டன்ட் டெஸ்ட்ராய் (ஒரு புக்கிங்குக்கு பல பேமெண்ட், புக்கிங்க அழிச்சா அதுவும் அழியும்).

பிஃபோர் கிரியேட்: தேதி செக். அந்த தேதில அந்த ஹால்ல வேற புக்கிங் இருந்தா எரர்ஸ்ல "இந்த தேதி ஏற்கனவே பதிவாகிவிட்டது"ன்னு சேத்துட்டு ரிட்டர்ன் ஃபால்ஸ்.

ஆஃப்டர் சேவ்: ரசீது போடு. அட்வான்ஸ் 0க்கு மேல இருந்து ரசீது எண் காலியா இருந்தா, ஐடியை வச்சு ஒரு நம்பர் செஞ்சு அதை அப்டேட் பண்ணும்.

ஆஃப்டர் கிரியேட் கமிட் (புது புக்கிங் டேட்டாபேஸ்ல உறுதியானப்புறம் ஓடறது): எஸ்எம்எஸ் அனுப்பு, ஸ்டேட்டஸ் கன்ஃபார்மா இருந்தா. இது கவுன்டர்ல நேரா வந்து புக் பண்றவங்களுக்கு.

ஆஃப்டர் அப்டேட் கமிட்: அதே எஸ்எம்எஸ் அனுப்பு, ஸ்டேட்டஸ் மாறியிருந்து அது கன்ஃபார்மா இருந்தா. இது ஆன்லைன்ல புக் பண்றவங்களுக்கு, மொதல்ல பெண்டிங்ல விழும், காசு வந்ததும் கன்ஃபார்ம் ஆகும்.

அவ்ளோதான். பாக்க நல்லா தானே இருக்கு?

---

பழையசோறு · புதன், காலை 9:20

எஸ்எம்எஸ்ஸ கொஞ்ச நேரம் மறந்துடுங்க தம்பி. அந்த தேதி செக்கை மறுபடி படிங்க. ரிட்டர்ன் ஃபால்ஸ்னு சொன்னீங்களா இல்ல நான் கண்ணாடி மாத்தணுமா?

ரெயில்ஸ் 4.2 வரைக்கும் பிஃபோர் கால்பேக் ஃபால்ஸ் திருப்பிச்சுன்னா சேவ் நின்னுடும். 2016ல 5.0 வந்தப்ப அதை மாத்தினாங்க, இனிமே நிறுத்தணும்னா த்ரோ அபார்ட்னு வெளிப்படையா சொல்லணும். பழைய ஆப்புக்கு 5.0ல ஒரு வார்னிங் வரும், இது 5.1ல வேலை செய்யாதுன்னு. வார்னிங்க எவன் படிச்சான். 5.1லேர்ந்து ஃபால்ஸை ரெயில்ஸ் கண்டுக்கவே கண்டுக்காது. நீங்க 6.1.

அதாவது உங்க மண்டபத்துல ஒரே தேதிக்கு ரெண்டு கல்யாணம் புக் பண்ணலாம், உங்க ஆப் தடுக்காது. எரர்ஸ்ல மெசேஜ சேக்கும், ஆனா வேலிடேஷன் அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு, அப்புறம் யாரும் எரர்ஸ்ஸ எட்டிப் பாக்க மாட்டாங்க, இன்சர்ட் ஓடும், சேவ் ட்ரூன்னு வரும், கன்ட்ரோலர் சந்தோஷமா அடுத்த பக்கத்துக்கு அனுப்பிடும்.

முதல்ல கன்சோல திறந்து ஹால் ஐடி, தேதி ரெண்டையும் குரூப் பண்ணி, கேன்சல் ஆனதை விட்டுட்டு, எண்ணிக்கை 1க்கு மேல எத்தனைன்னு பாருங்க. இப்பவே.

---

சாம்பார்வடை · புதன், காலை 9:41

அண்ணே கை நடுங்குது. 5 தேதி வருது. 3 முடிஞ்சு போனது. 2 இனிமேதான், ரெண்டும் ஆவணி முகூர்த்தம்.

---

நைட்ஷிஃப்ட்_நாகு · புதன், காலை 9:43

யப்பா சாமி 😳

---

பூரணி_கே · புதன், காலை 10:15

மொதல்ல மேனேஜருக்கு ஃபோன் போடுங்க, அப்புறம் கோட் பாக்கலாம். முடிஞ்சு போன 3 எப்படி சண்டை இல்லாம முடிஞ்சுதுன்னும் கேளுங்க.

---

சாம்பார்வடை · புதன், மதியம் 1:30

பேசிட்டேன் அக்கா. மேனேஜர் கூலா இருக்கார். அவர் மேஜைல ஒரு பெரிய டைரி இருக்கு, சிவப்பு மை கல்யாணம், நீல மை மத்த விசேஷம். கம்ப்யூட்டர்ல என்ன வந்தாலும் டைரில எழுதும்போது இடிக்குதேன்னு பாத்து ரெண்டாவது பார்ட்டிக்கு அவரே ஃபோன் பண்ணி வேற தேதி மாத்திருக்கார், ஆப்ல கேன்சல் பண்ணல, அவ்ளோதான். அடுத்து வர்ற 2ல ஒண்ணு அவர் ஏற்கனவே புடிச்சுட்டார். இன்னொண்ணு போன வாரம் ஆன்லைன்ல வந்தது, அது அவருக்கும் புதுசு. இன்னைக்கு சாயங்காலம் பார்ட்டிய கூப்பிட்டு பேசறேன்னார்.

"உங்க கம்ப்யூட்டர் வந்து 6 வருஷமாச்சு தம்பி, நான் டைரிய விடல"ன்னார். என்னத்த சொல்றது.

---

பூரணி_கே · புதன், மதியம் 2:48

நல்ல மனுஷன், அந்த டைரிய பத்திரமா வச்சுக்க சொல்லுங்க. இப்ப எஸ்எம்எஸ்.

நீங்க சொன்னதுல எனக்கு ரெண்டு இடிக்குது. ஒண்ணு அடிச்சு சொல்லுவேன், இன்னொண்ணு நீங்களே கன்சோல்ல பாத்து உறுதி பண்ணணும்.

அடிச்சு சொல்றது: ஆஃப்டர் கிரியேட் கமிட், ஆஃப்டர் அப்டேட் கமிட் ரெண்டுக்கும் ஒரே மெத்தட் பேர் குடுத்திருக்கீங்க. பேருக்குத்தான் ரெண்டு, உள்ள ரெண்டுமே ஆஃப்டர் கமிட் தான். ஒரே மெத்தட் பேர ரெண்டாவது தடவை பதிஞ்சா முதல்ல பதிஞ்சதை அது தூக்கி எறிஞ்சிரும், கண்டிஷன் வேற வேறயா இருந்தாலும் சரி. ஒரு வார்னிங் கூட வராது. உங்க வரிசைல அப்டேட் தான் பின்னாடி வருது, அதனால கிரியேட் செத்துப் போச்சு. கவுன்டர்ல நேரா கன்ஃபார்ம்னு போடற எவனுக்கும் எஸ்எம்எஸ் போகாது. ஒருத்தனுக்கும்.

நம்பலன்னா கன்சோல்ல புக்கிங் கிளாஸ் மேல அண்டர்ஸ்கோர் கமிட் அண்டர்ஸ்கோர் கால்பேக்ஸ்னு கூப்பிட்டு ஒவ்வொண்ணோட ஃபில்டர மேப் பண்ணி பாருங்க. எஸ்எம்எஸ் அனுப்பு ஒரு தடவைதான் இருக்கும். சேவ், கிரியேட், வேலிடேஷன் எல்லாத்துக்கும் இதே மாதிரி லிஸ்ட் எடுக்கலாம். பழைய கோட் கைக்கு வந்தா நான் முதல்ல பண்ற வேலையே இதுதான், ஏன்னா ஃபைல்ல கண்ணுக்கு தெரியறது பாதி, மிச்சம் கன்சர்ன்லயும் (பல மாடல் பகிர்ந்துக்கற கோட்) ஜெம்லயும் (வெளி லைப்ரரி) ஒளிஞ்சிருக்கும். எது எங்கேர்ந்து வருதுன்னு தெரியணும்னா மெத்தட எடுத்து சோர்ஸ் லொக்கேஷன் கேட்டா ஃபைல் பேரும் வரி எண்ணும் தந்துடும்.

ரெண்டாவது சந்தேகம்: நீங்க கன்சோல்ல டெஸ்ட் பண்றப்ப அட்வான்ஸ் எவ்ளோ போட்டீங்க?

---

சாம்பார்வடை · புதன், மதியம் 3:05

அக்கா நீங்க சொன்ன மாதிரி ஒரு தடவைதான் வருது!! கிரியேட் காணோம். ஒரு பாதி முடிஞ்சுது.

அட்வான்ஸ்... போடவே இல்லையே. டெஸ்டுக்கு தானேன்னு காலியா விட்டேன். ஏன்?

---

பூரணி_கே · புதன், மதியம் 3:09

25,000னு போட்டு மறுபடி ட்ரை பண்ணுங்க.

---

சாம்பார்வடை · புதன், மதியம் 3:16

போகல!!!

அட்வான்ஸ் 0ன்னா போகுது 25,000ன்னா போகல. இது என்ன மாயம்? எஸ்எம்எஸ்க்கும் அட்வான்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

---

பூரணி_கே · புதன், மதியம் 3:40

நடுவுல உங்க ரசீது இருக்குல்ல.

நடக்கறது இது. கேட்வேலேர்ந்து காசு வந்ததும் ஸ்டேட்டஸ் கன்ஃபார்ம், அட்வான்ஸ் 25,000னு ஒரு அப்டேட். டேட்டாபேஸ்ல எழுதியாச்சு. இப்ப "கடைசி சேவ்ல என்ன மாறுச்சு"ன்னு ரெயில்ஸ் ஒரு குறிப்பு வச்சிருக்கும், சேவ்டு சேஞ்சஸ், அதுல ஸ்டேட்டஸ் இருக்கு. அடுத்து ஆஃப்டர் சேவ் ஓடுது, அட்வான்ஸ் இருக்கு ரசீது எண் இல்ல, அதனால அதே ஆப்ஜெக்ட் மேல இன்னொரு அப்டேட், ரசீது எண்ணுக்கு. இது ரெண்டாவது சேவ். குறிப்பு அழிஞ்சு புதுசா எழுதப்படுது, இப்ப அதுல ரசீது எண்ணும் அப்டேட்டட் அட்டும் மட்டும்தான். வெளி டிரான்சாக்ஷன் இன்னும் முடியல. எல்லாம் முடிஞ்சு கமிட் ஆகறப்ப ஆஃப்டர் கமிட் ஒரே ஒரு தடவை ஓடும், அது "ஸ்டேட்டஸ் மாறுச்சா"ன்னு கேக்கும், குறிப்புல ஸ்டேட்டஸ் இல்ல, "மாறல"ன்னு பதில் வரும், எஸ்எம்எஸ் போகாது.

ஆஃப்டர் கமிட்டுக்கு முழு டிரான்சாக்ஷனோட கதை தெரியாது, கடைசி சேவோட கதை மட்டும்தான் தெரியும். அட்வான்ஸ் இல்லாம தேதி புடிச்சு வச்சவங்களுக்கு ரசீது கிடையாது, ரெண்டாவது சேவ் கிடையாது, அதனால அவங்களுக்கு ஒழுங்கா போயிருக்கு. காசு கட்டினவனுக்கு எஸ்எம்எஸ் இல்ல, கட்டாதவனுக்கு இருக்கு, உங்க மேனேஜர்ட்ட கேட்டுப் பாருங்க அப்படித்தான் இருக்கும்.

---

சாம்பார்வடை · புதன், மதியம் 3:52

அக்கா நீங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். ரெண்டு பக் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்ததால தான் எனக்கு கணக்கே புடிபடல. கவுன்டர்ல ஒருத்தருக்கும் போகாது, ஆன்லைன்ல சிலருக்கு போகாது, சேத்து பாத்தா குருட்டாம்போக்கா தெரியுது.

எப்படி சரி பண்றது? ரசீத பிஃபோர் சேவுக்கு தூக்கிடலாமா? ஆனா ரசீது எண் ஐடிய வச்சு செய்யறாங்க, கிரியேட்ல பிஃபோர் சேவ் ஓடறப்ப ஐடியே இருக்காதே.

---

டிபிஏ_முருகு · புதன், மாலை 5:30

ஐடிய வச்சு ரசீது எண் செய்யறதே தப்பு, நடுவுல கேன்சல் ஆச்சு, அட்வான்ஸ் இல்லாத புக்கிங் வந்துச்சுன்னா நம்பர் தாவித் தாவி போகும். ஜிஎஸ்டி விதி 50 படி அட்வான்ஸுக்கு குடுக்கற ரசீது வவுச்சர்ல எண் தொடர் வரிசையா இருக்கணும், 16 எழுத்துக்கு மேல போகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள்ள ஒரே எண் ரெண்டு தடவை வரக்கூடாது. ஆடிட்டர் இதுவரைக்கும் கேக்கலன்னா உங்க அதிர்ஷ்டம்.

"போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் போட்டுக்கலாம்"னு யாராச்சும் சொல்லுவாங்க (டேட்டாபேஸே தானா எண்ணித் தர்ற நம்பர்), கேக்காதீங்க, ரோல்பேக் ஆனா சீக்வென்ஸ் பின்னாடி போகாது, ஓட்டை விழும். நிதியாண்டுக்கு ஒரு வரி இருக்கற தனி டேபிள் வைங்க, அந்த வரிய லாக் பண்ணி ஒண்ணு கூட்டி எடுத்துக்கோங்க, அதே டிரான்சாக்ஷனுக்குள்ள. மண்டபம் தானே, நொடிக்கு ஆயிரம் புக்கிங்கா வரப்போகுது, லாக் போட்டா ஒண்ணும் மெதுவாகாது. ஐடி தேவையில்லன்னு ஆயிட்டா ரசீத பிஃபோர் சேவுக்கு கொண்டு வந்துடலாம், ரெண்டாவது சேவே போயிடும், அவங்க சொன்ன குறிப்பு அழியற பிரச்சனையும் போயிடும்.

அப்புறம் அந்த தேதி செக் விஷயம். ரிட்டர்ன் ஃபால்ஸை த்ரோ அபார்ட்னு மாத்திட்டு தூங்கப் போயிடாதீங்க. ரெண்டு பேர் ஒரே நொடில கிளிக் பண்ணா ரெண்டு பேரோட செக்கும் "தேதி காலி"ன்னு சொல்லும், ரெண்டும் உள்ள போகும். டேட்டாபேஸ்ல தடை இல்லாம எந்த வேலிடேஷனும் காவல் இல்ல.

---

லாரவேல்காரன் · புதன், மாலை 6:05

குறுக்க வரதுக்கு மன்னிக்கணும், நான் பிஎச்பி ஆளு. இந்த ஃபால்ஸ் கதை எங்க ஊர்ல இன்னும் உயிரோட இருக்கு. லாரவேல்ல சேவிங், கிரியேட்டிங் ஈவென்ட்ல லிசனர் ஃபால்ஸ் திருப்பினா சேவ் கேன்சல். சாதா ஃபங்ஷன் எழுதறப்ப ரிட்டர்ன்னு எழுதினாதான் திரும்பும், அதனால தப்பிச்சோம். பிஎச்பி 7.4ல ஆரோ ஃபங்ஷன் வந்துச்சு, அது எழுதினதை தானா திருப்பும். எங்க டீம்ல ஒரு பையன் சேவிங் ஈவென்ட்ல அழகா ஒரே வரில "ஆக்டிவ் ஈக்வல்ஸ் ஃபால்ஸ்"னு எழுதினான். அசைன்மென்டோட மதிப்பு ஃபால்ஸ், அதைத் திருப்பிடுச்சு, யூசர் ரெக்கார்டே சேவ் ஆகல, எரரும் இல்ல. ஒரு நாள் முழுக்க டேட்டாபேஸ் பர்மிஷன நோண்டிட்டு இருந்தோம்.

---

பழையசோறு · புதன், மாலை 6:40

@லாரவேல்காரன் அட நம்ம சொந்தக்காரரே! ரூபில மெத்தட்ல கடைசி வரி என்னவோ அதுதான் திரும்பும், ரிட்டர்ன்னு எழுதவே வேண்டாம். அதனால 4.2 காலத்துல எங்களுக்கு இது தினசரி. நான் ஒரு தடவை பிஃபோர் சேவ்ல கடைசி வரியா "விஐபி ஈக்வல்ஸ் தொகை 1 லட்சத்துக்கு மேலயா"ன்னு எழுதி வச்சேன். 1 லட்சத்துக்கு மேல பில் போட்டா சேவ் ஆகும், கீழ போட்டா ஆகாது, எரர்ஸ்ல பாத்தா காலி. பணக்காரங்களுக்கு மட்டும் வேலை செய்யற சாஃப்ட்வேர். கடைசில எல்லா கால்பேக்குலயும் கடைசி வரில வெறும் ட்ரூன்னு எழுதி வைக்கறது ஒரு சடங்கு மாதிரி ஆயிடுச்சு. 4.2 கோட்ல தனியா ஒரு ட்ரூ தொங்கிட்டு இருந்தா அது எவனோ அடிபட்ட இடம்னு அர்த்தம்.

அந்த தொல்லையாலதான் மாத்தினாங்க, மாத்தினது சரிதான். ஆனா ஃபால்ஸ்ஸ வேணும்னே நம்பி எழுதினவன் கோட் சத்தம் போடாம செத்துப் போச்சு, தம்பியோட தேதி செக் மாதிரி.

---

நைட்ஷிஃப்ட்_நாகு · புதன், இரவு 10:20

எனக்கு ஒண்ணு கேக்கணும். இவ்ளோ தொல்லைன்னா கால்பேக்கே வேண்டாம்னு வச்சுக்கலாமே? எங்க ஆபீஸ்ல சீனியர் ஒருத்தர் மாடல்ல கால்பேக் பாத்தாலே ரிவியூல ரிஜெக்ட் பண்றார். எல்லாம் சர்வீஸ் ஆப்ஜெக்ட்ல (மாடலுக்கு வெளிய தனி கிளாஸ்) எழுது, மேலேர்ந்து கீழ படிச்சா புரியணும்ங்கறார்.

---

பூரணி_கே · வியாழன், காலை 6:50

பாதி ஒத்துப்பேன். என் கணக்கு இப்படி: அந்த ரெக்கார்டோட சொந்த விஷயத்த மட்டும் தொடறதுன்னா கால்பேக்ல இருக்கட்டும். ஃபோன் நம்பர்ல ஸ்பேஸ் எடுக்கறது, ஈமெயில சின்ன எழுத்தாக்கறது, 7.1 போனீங்கன்னா அதுக்கு நார்மலைசஸ்னே தனியா இருக்கு, கால்பேக்கும் வேண்டாம். ரெக்கார்டுக்கு வெளிய கைய நீட்டறது, எஸ்எம்எஸ், மெயில், இன்னொரு மாடல மாத்தறது, அது கால்பேக்ல இருந்தா என்னைக்காச்சும் கடிக்கும். ஏன்னா ஸ்டேட்டஸ் கன்ஃபார்ம் ஆகறது வேற, "பார்ட்டிக்கு சொல்லு"ங்கறது வேற. டேட்டாவ சரி பண்ண ஸ்கிரிப்ட் ஓட்டறப்பவும் அதே சேவ் தான் ஓடும், அப்ப யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அதுக்காக ரிவியூல கால்பேக்க பாத்தாலே ரிஜெக்ட்டுங்கறது மூடநம்பிக்கை. டிபெண்டன்ட் டெஸ்ட்ராயே ஒரு கால்பேக் தான், அது வேண்டாம்பாரா? அதைச் சொன்னதும் ஞாபகம் வருது, @சாம்பார்வடை உங்க மாடல்ல ஹேஸ் மெனி டிபெண்டன்ட் டெஸ்ட்ராய் மேல இருக்கு. நாளைக்கு "பேமெண்ட் இருந்தா புக்கிங்க அழிக்கக்கூடாது"ன்னு பிஃபோர் டெஸ்ட்ராய் எழுதுவீங்க, அதைக் கீழ எழுதினா அது ஓடறதுக்கு முன்னாடியே பேமெண்ட் எல்லாம் அழிஞ்சிருக்கும், "பேமெண்ட் இல்ல, அழிச்சுக்கோ"ன்னு சொல்லிடும். மேல எழுதுங்க, இல்ல பிரீபெண்ட் ட்ரூ குடுங்க. நான் இதுல ஒரு தடவை பட்டிருக்கேன்.

---

பழையசோறு · வியாழன், காலை 8:10

ஆஃப்டர் கமிட் வரிசையும் சேத்துக்கோங்க. 6.1ல ரெண்டு மூணு ஆஃப்டர் கமிட் இருந்தா நீங்க எழுதின வரிசைக்கு தலைகீழாத்தான் ஓடும். 7.1ல தான் எழுதின வரிசைலயே ஓட்ட ஒரு செட்டிங் குடுத்தாங்க. அப்கிரேட் பண்றப்ப அதையும் பாத்து மாத்துங்க.

---

டிபிஏ_முருகு · வியாழன், காலை 9:30

தேதி தடைக்கு வரலாம். தம்பி, ஹால் ஐடி தேதி ரெண்டுக்கும் சேத்து யூனிக் இண்டெக்ஸ் (அதே ஜோடி ரெண்டாவது தடவை வந்தா டேட்டாபேஸே தடுக்கும்), கேன்சல் ஆன வரிய விட்டுட்டு. போஸ்ட்கிரெஸ்னா கண்டிஷனோட இண்டெக்ஸ் போடலாம். என்ன டேட்டாபேஸ்?

---

சாம்பார்வடை · வியாழன், காலை 9:55

போஸ்ட்கிரெஸ் தான். ஆனா ஒரு சந்தேகம். நேத்து மேனேஜர்ட்ட பேசறப்ப ஒண்ணு சொன்னார். கல்யாணம்னா முந்தின நாள் மதியம் 3 மணிக்கு சாவி குடுப்பாங்க, சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம், மதியம் 3க்கு சாவி திரும்ப வாங்குவாங்க. வளைகாப்பு, காதுகுத்துன்னா காலைல 6லேர்ந்து மதியம் 2 வரைக்கும். நிச்சயதார்த்தம் சில பேர் சாயங்காலம் வைப்பாங்க. அப்ப 9ஆம் தேதி சாயங்காலம் நிச்சயதார்த்தம், 10ஆம் தேதி கல்யாணம்னா ஆப்ல தேதி வேற வேற, ஆனா 9 சாயங்காலம் ரெண்டு பார்ட்டியும் வாசல்ல நிப்பாங்க. யூனிக் இண்டெக்ஸ் இதைப் புடிக்காதே?

---

டிபிஏ_முருகு · வியாழன், காலை 10:12

புடிக்காது. நல்ல வேளை கேட்டீங்க, நான் தேதின்னா ஒரு நாள்னு நெனச்சுட்டேன்.

அப்ப எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் தான். ஆரம்பம் முடிவு ரெண்டையும் ஒரே ரேஞ்ச் காலமா வைங்க. கிஸ்ட் இண்டெக்ஸ்ல ஹால் ஐடி சமமா இருந்து ரேஞ்ச் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா உள்ள விடாதேன்னு சொல்லிடலாம், கேன்சல் ஆனதுக்கு விதிவிலக்கு. ஹால் ஐடி நம்பர்ங்கறதால பிட்ரீ கிஸ்ட் எக்ஸ்டென்ஷன் ஆன் பண்ணணும். ரேஞ்ச்ல ஆரம்பம் உள்ள, முடிவு வெளியன்னு வைங்க, அப்பதான் 3 மணிக்கு ஒருத்தன் வெளிய போய் 3 மணிக்கு இன்னொருத்தன் உள்ள வரலாம். பெருக்க நேரம் வேணும்னா முடிவுல ஒரு மணி நேரம் சேத்துக்கோங்க.

ரெயில்ஸ் 7.1ல இதுக்கு மைக்ரேஷன் (டேபிள் அமைப்ப மாத்தற கோட்) மெத்தடே இருக்கு, 6.1ல இல்ல, எக்ஸிக்யூட் போட்டு எஸ்க்யூஎல்லா எழுதணும். ஸ்கீமா ஃபைல் ரூபில இருந்தா இதை மறந்துடும், எஸ்க்யூஎல் ஃபார்மேட்டுக்கு மாத்திக்கோங்க, இல்லன்னா டெஸ்ட் டேட்டாபேஸ்ல தடையே இருக்காது. இடிச்சா ஸ்டேட்மென்ட் இன்வேலிட்னு எக்செப்ஷன் வரும், அதைப் புடிச்சு "மன்னிக்கவும், இப்பத்தான் வேறொருவர் பதிவு செய்தார்"னு காட்டுங்க.

தேதி செக்கையும் வச்சுக்கோங்க, ஆனா பிஃபோர் கிரியேட்ல இல்ல, வேலிடேட்ல. பார்ட்டிக்கு நல்ல மெசேஜ் காட்ட அது, காவலுக்கு இது.

---

பூரணி_கே · வியாழன், காலை 10:30

வேலிடேட்டுக்கு மாத்தறப்ப தன்னோட ஐடிய விட்டுட்டு தேடணும். பிஃபோர் கிரியேட்ல அது தேவைப்படல, இப்ப அப்டேட்லயும் ஓடும், "என் தேதில ஏற்கனவே ஒரு புக்கிங் இருக்கு"ன்னு தன்னையே காட்டி தானே விழுந்துடும். இன்னொண்ணு, அது பிஃபோர் கிரியேட்ல இருந்ததால 4.2ல கூட தேதி மாத்தறப்ப செக் பண்ணியிருக்காது. அந்த ஓட்டை அப்கிரேடால வந்தது இல்ல, பொறக்கறப்பவே இருந்தது.

---

சாம்பார்வடை · திங்கள், இரவு 9:15

மக்களே அப்டேட்.

கன்ஸ்ட்ரெயின்ட் போட மூணு தடவை மைக்ரேஷன் ஓட்டினேன், மூணு தடவையும் "ஏற்கனவே இடிக்குது"ன்னு போஸ்ட்கிரெஸ் திருப்பி அனுப்பிடுச்சு. முருகு அண்ணே சொன்ன ரேஞ்ச் வச்சு பாத்தா தேதில தெரியாத இடி இன்னும் 4 இருந்துச்சு, எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் கேஸ். டைரியும் நானும் மேனேஜரும் ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து ஒண்ணொண்ணா சரி பண்ணோம். அந்த ஆவணி ஆன்லைன் பார்ட்டிக்கு மாடில இருக்கற சின்ன ஏசி ஹால் குடுத்து, வாடகைலயும் குறைச்சு, ஒத்துக்கிட்டாங்க. நேத்து ராத்திரி கன்ஸ்ட்ரெயின்ட் உள்ள போயிடுச்சு.

ரசீது தனி டேபிளுக்கு போயிடுச்சு, பிஃபோர் சேவ்ல ஒரே சேவ். எஸ்எம்எஸ்க்கு கிரியேட், அப்டேட் ரெண்டுக்கும் சேத்து ஒரே ஆஃப்டர் சேவ் கமிட்.

இதுவரைக்கும் நல்ல சேதி. இப்ப திட்டாம கேளுங்க.

ஸ்டேட்டஸ் மாறுச்சாங்கற குறிப்ப நம்பவே எனக்கு பயமா இருந்துச்சு. அதனால "எஸ்எம்எஸ் அனுப்பிய நேரம்"னு புது காலம் சேத்து, கன்ஃபார்மா இருந்து அது காலியா இருந்தா அனுப்புன்னு மாத்தினேன். நல்லா வேலை செஞ்சுது. இன்னைக்கு காலைல பழைய புக்கிங்குக்கு எல்லாம் ரேஞ்ச ஒழுங்கு பண்ண ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினேன், ஃபைண்ட் ஈச் போட்டு ஒவ்வொண்ணா சேவ்.

பழைய வரி எல்லாத்துலயும் அந்தப் புது காலம் காலி. 😭

---

பூரணி_கே · திங்கள், இரவு 9:18

ஐயோ.

---

நைட்ஷிஃப்ட்_நாகு · திங்கள், இரவு 9:20

எத்தனை?

---

சாம்பார்வடை · திங்கள், இரவு 9:26

37ல சைட்கிக்க நிறுத்திட்டேன். எல்லாம் முடிஞ்சு போன கல்யாணம். "உங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது, வாழ்த்துக்கள்". ஒருத்தர் மேனேஜருக்கு ஃபோன் பண்ணி, "சார் எனக்கு பொண்ணு பொறந்து மொட்டையே போட்டாச்சு, இப்ப எந்தக் கல்யாணத்த உறுதி பண்றீங்க, என் வீட்டம்மா மெசேஜ பாத்துட்டு கேள்வி மேல கேள்வி கேக்கறா"ன்னு கேட்டிருக்கார்.

---

டிபிஏ_முருகு · திங்கள், இரவு 9:31

தம்பி அதுக்குத்தான் அப்டேட் காலம்ஸ். மொத நாளே நாகு பேர் சொன்னாரே. கால்பேக் ஓடக்கூடாதுன்னு தெரிஞ்சே பண்ற வேலைக்கு அதுதான் சரி. முதல்ல அப்டேட் ஆல் ஒண்ணு போட்டு பழைய வரிகளுக்கு எல்லாம் அந்தக் காலத்த நிரப்புங்க, அப்புறம் ஸ்கிரிப்ட மிச்சம் ஓட்டுங்க. சைட்கிக்க ஆன் பண்றதுக்கு முன்னாடி கியூவ காலி பண்ண மறந்துடாதீங்க, மிச்ச ஜாப் அங்க உக்காந்திருக்கும்.

---

பழையசோறு · திங்கள், இரவு 9:34

மெசேஜ் கையில கிடைச்சுதுல்ல? அப்ப எஸ்எம்எஸ் போகலங்கற டிக்கெட்ட குளோஸ் பண்ணிடுங்க.